பார்க்காமலே சொன்ன டூப்ளிகேட்

இரண்டு சப்வூஃபர் ஸ்பீக்கர்களும் தனித்தனியே நன்றாகப் பாடின. எதை மட்டும் மாட்டினாலும் காரின் டிக்கி அதிர்ந்தது. இரண்டையும் சேர்த்து மாட்டி ஒலியை ஏற்றினால்தான் கொஞ்ச நேரத்தில் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்து, எல்லாம் அடங்கிப்போனது. ஆறவிட்டால் மறுபடி பாடியது, மறுபடி அடங்கியது.

பொம்மனஹள்ளியில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருக்கும் ஃபிராங்க்ளினுக்கு இது புரியவில்லை. அதைவிட வேறொன்று உறுத்தியது. ஸ்பீக்கர்களில் பழுதே இல்லை. நேற்று ஒலி அடங்கியதும் அவற்றைச் சோதிக்காமலே, "இது டூப்ளிகேட்மா, நல்லா ஏமாந்துட்ட" என்று மௌரீனிடம் சொல்லியிருந்தான்.

கால் சென்டரில் வேலைக்குச் சேர்ந்ததும் தன் அண்ணன் ரெமிஜியஸின் காருக்காக அவள் ஆசையாக வாங்கியவை அவை. ஆம்ப்ளிஃபயர் மட்டும் ஃபிராங்க்ளின் தேர்ந்தெடுத்தது. "அமெரிக்காக்காரன்கிட்டயே பேசுற, ஒரு ஸ்பீக்கர் பார்த்து வாங்கத் தெரியல" என்று ரெமிஜியஸ் கடை வாசலிலேயே சிரித்தான். "ஸ்பீக்கர நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போயிடறேண்ணா" என்று ஃபிராங்க்ளினிடம் சொன்னதோடு சரி, மௌரீன்.

ஃபிராங்க்ளின் மீட்டரை எடுத்தான். ஒரு ஸ்பீக்கரில் ஏறத்தாழ நான்கு ஓம். இரண்டும் சேர்ந்தால் இரண்டு. ஆம்ப்ளிஃபயரின் விளிம்பில் பொடி எழுத்தில் 'நான்கு ஓமுக்குக் குறையக் கூடாது' என்றிருந்தது.

ஓம் என்பது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. இரண்டை இணைத்தால் தடை கூடும் என்றுதான் தோன்றும். ஆனால் ஒன்றன் பின் ஒன்றாக அல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இணைத்தால் குறையும். பஸ்ஸில் ஒரு கதவு திறந்தால் கூட்டம் நெருக்கியடித்து இறங்கும். இரண்டு கதவும் திறந்தால் அதே நேரத்தில் இரு மடங்கு ஆட்கள் இறங்கிவிடுவார்கள். மின்சாரமும் அப்படித்தான் பாய்கிறது. தாங்க முடியாத ஆம்ப்ளிஃபயர் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது.

ஆம்ப்ளிஃபயரை மாற்றிவிட்டு, 'சரி பண்ணிட்டேன்' என்று சொன்னால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் மௌரீன் ஏமாந்தவளாகவே இருப்பாள்.

சாயங்காலம் அவள் காலி அட்டைப்பெட்டிகளோடு அண்ணனுடன் வந்தாள். "என்னா குரு, டூப்ளிகேட்டக் கழட்டிட்டியா?" என்று ஃபிராங்க்ளினிடம் கேட்டான் ரெமிஜியஸ்.

"டூப்ளிகேட் இல்ல. அவ சரியாத்தான் வாங்கியிருக்கா. தப்பான ஆம்ப்ளிஃபயர எடுத்தது நான். பார்க்காமலே பழிய அவ மேல போட்டுட்டேன். மன்னிச்சிரும்மா."

"ஆம்ப்ளிஃபயர்ல ஆயிரம் வாட்ஸ்னு போட்டிருந்துச்சே குரு?"

"பெட்டி மேல எத வேணா அச்சடிக்கலாம். நானும் அதப் பார்த்துத்தான் எடுத்தேன்."

மௌரீன் சிரிக்கவில்லை. "நேத்துலருந்து வீட்ல என் பேரே டூப்ளிகேட்டுதாண்ணா."

ரெமிஜியஸ் பின்னங்கழுத்தைத் தடவிக்கொண்டான். ஃபிராங்க்ளின் டிக்கியைத் திறந்து, புதிதாக மாட்டியிருந்த ஆம்ப்ளிஃபயரை அவளுக்கே முதலில் காட்டினான். அதில் போட்டிருந்த வாட்ஸ் பழையதில் பாதிதான்.

"உன் ஸ்பீக்கர் ஒவ்வொண்ணும் நாலு ஓம், சேர்த்தா ரெண்டு. அதனால ரெண்டு ஓம் தாங்குற ஆம்ப்ளிஃபயர் போட்டிருக்கேன். ஃபுல் சவுண்ட்ல ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துட்டேன், நிக்கல."