இருபத்தேழும் பன்னிரண்டும்

எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு புற்றுக்கட்டியின் உயிர்க்கலங்களை இரண்டு பேர் எண்ண வேண்டும். ஒருவர் எண்ணியது மற்றவருக்குத் தெரியக்கூடாது. ஆளுக்கொரு துண்டுக் கடதாசியில் எழுதி, மடித்து வைத்து, இரண்டையும் ஒன்றாகத்தான் திறக்க வேண்டும். டொக்டர் ஸாலிஹா கொண்டுவந்த வழக்கம் இது. கிண்ணியாவிலிருந்து வருகிற அவருக்கு எதிலும் அவசரம் கிடையாது. எனக்கு எல்லாவற்றிலும் அவசரம்.

எண்ணுவது இப்படித்தான். கட்டியை மெல்லிய சீவலாகச் சீவிச் சாயம் போட்டால், பெருகத் தயாராகிற கலங்களின் கரு கபில நிறமாகத் தெரியும். சும்மா இருக்கிறவை நீலம். ஐந்நூறு கலங்களை எண்ணி, நூற்றுக்கு எத்தனை கபிலம் என்று எழுதுவோம். இருபதுக்கு மேலே போனால் கீமோ மருந்து ஏற்றுவது பற்றிக் கதை வரும். குறைவென்றால், மற்றப் பரிசோதனைகளும் நல்லதாக இருந்தால், தினம் விழுங்கும் குளிசையோடு தப்பலாம்.

கண்ணாடித் தட்டில் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான். ஆனால் வெள்ளிக்கிழமை நான் எடுத்த தட்டில் இலக்கத்தை ஒட்டியவளே நான்தான். அது பாலையூற்றில் என் பக்கத்து வீட்டுப் புஸ்பராணி அக்காவின் மார்புக் கட்டி. மற்றப் பரிசோதனைகள் எல்லாம் நல்லதாக வந்திருந்தன. இந்த ஓர் எண்ணுக்காகத்தான் காத்திருப்பு.

அக்கா சல்லிக் கிராமத்தில் பிறந்து, இங்கே கலியாணம் செய்துவந்து, கருவாடு விற்றுப் பிள்ளையை வளர்க்கிறவர். இடுப்புக்குக் கீழே இறங்கும் தலைமயிர். ஞாயிற்றுக்கிழமைகளில் தலை முழுகி, ஒழுங்கை முழுக்கப் பார்க்கட்டும் என்றே வாசல் படலையடியில் நின்று உலர்த்துவார்.

தெரிந்தவர் என்பதால் தட்டை வேறொருவரிடம் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. என்னைப்போலக் கண் கூர்மை யாருக்கு என்ற கர்வம். பாசத்தில் குறைத்து எண்ணிவிடக்கூடாது என்று மட்டும் பயந்தேன். அந்தப் பயத்தில், சந்தேகமாகத் தெரிந்த எல்லாவற்றையும் கபிலத்தில் சேர்த்தேன். இருபத்தேழு வந்தது. எழுதி மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். டொக்டர் லீவு. திங்கட்கிழமைதான் அவர் எண்ணுவார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று பின்னேரம் புஸ்பராணி அக்கா படலையடியில் மறித்தார்.

“என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? என்ர முடிவு வந்திட்டுதோ?”

“இன்னும் முடியேல்லை அக்கா.”

“எனக்கு ஒளிக்காத.”

“எண் கொஞ்சம் கூடத்தான் அக்கா. மருந்து ஏத்த வேண்டி வருமெண்டு நினைக்கிறன்.”

அவர் பின்னலை முன்னுக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனார். தயார்ப்படுத்திவிட்டேன், நல்லதுதானே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு கடதாசிகளையும் திறந்தோம். என்னுடையது இருபத்தேழு. டொக்டருடையது பன்னிரண்டு.

டொக்டர் கோபப்படவில்லை. “வாங்கோ, சேர்ந்து பாப்பம்” என்று கதிரையை இழுத்துப் போட்டார். யன்னலுக்கு வெளியே, துறைமுகத்தில், கோதுமைக் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. அவர் விரலால் காட்டக் காட்ட என் பிழை எனக்கே தெரிந்தது. நான் சேர்த்தவற்றில் பாதி கட்டியின் கலங்களே இல்லை. சின்னதாய், உருண்டையாய், கட்டியைச் சுற்றிவந்து கூடிய உடம்பின் சொந்தக் காவல்காரர்கள். அவையும் பெருகும், அவையும் கபிலமாகும், ஆனால் கணக்கில் சேராது. படிக்க வந்த முதல் மாதமே சொல்லித் தருகிற பாடம் இது.

“இது ஆரின்ர தட்டெண்டு உங்களுக்குத் தெரியுமோ, பிரியதர்சினி?”

“ஓம் டொக்டர்.”

“இரக்கம் காட்டக்கூடாதெண்டு நினைச்சு அநியாயம் செய்திருக்கிறீங்கள். அதுவும் பக்கம் சாயிறதுதான்.”

அதே கட்டியின் வேறு தட்டு எடுத்துத் திரும்ப எண்ணினோம். எனக்குப் பதின்மூன்று, அவருக்குப் பன்னிரண்டு. அறிக்கை போனது. வெள்ளிக்கிழமை வாய்விட்டதை மட்டும் நான் அவருக்குச் சொல்லவில்லை.

பின்னேரம் நேரே புஸ்பராணி அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவரை ஒரு கணம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலை. சந்தனம் பூசியிருந்தார்.

“தலைமயிரை மருந்து தின்னக் குடுக்கிறதிலும் பார்க்க அம்மாளுக்குக் குடுப்பமெண்டு நேற்று சல்லிக் கோயிலுக்குப் போனனான்” என்றார்.

“அக்கா, மருந்து ஏத்தத் தேவையில்லாமப் போகலாம். எண் குறைவாத்தான் வந்திருக்கு. கிளினிக்கில டொக்டர் சொல்லுவார்.”

அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார். “முத்துமாரி! வாங்கின கையோட குறைச்சுப்போட்டாய்!”

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். அம்மன் கோபிக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சந்தனத் தலையைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

“அம்மன் குறைக்கேல்லை அக்கா. நான் பிழையா எண்ணிப்போட்டன். முதலே குறைவுதான்.”

கூப்பிய கை மெல்ல இறங்கியது. அவர் தலையைத் தடவிக்கொண்டார். ஏசுவார் என்று காத்திருந்தேன்.

“தலைமயிர் வளரும் பிள்ளை” என்றார். “மூண்டு இரவு என்ர பிள்ளையின்ர முகத்தைப் பாத்துப் பாத்து அழுதுகொண்டு கிடந்தனான். அதுக்கு எத்தினை எண்டு எழுதுவாய்?”