ஜிம்பிலி யாருடையது?

மேடைக்கடியில் குத்துக்காலிட்டு, இரண்டு கைகளாலும் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தார் மாமா. தலைக்கு மேலே தகரம் அடித்த பெட்டி. உள்ளே மாயக்காரனின் மனைவி. மூன்று நிமிடக் காற்றுதான். நான்காவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

'ஜிம்பிலி' என்று மாயக்காரன் கத்த வேண்டும். அப்போதுதான் இழுப்பார். முன்னதாக இழுத்தால் குட்டு உடையும். நாற்பது வருடப் பழக்கம்.

"மாயமே வா!" என்று என்னவோ கத்தினான் அவன்.

டொக். டொக். பெட்டிக்குள் தட்டல். பிறகு நகம் பிராண்டும் சத்தம்.

பிறகு அதுவும் நின்றது.

மாமா இழுத்துவிட்டார். பொத்தென்று மடியில் விழுந்தாள். உதடெல்லாம் நீலம். கன்னத்தில் அறைந்தார். ஐந்தாவது அறையில் இருமினாள்.

ஏணியில் தடதடவென்று இறங்கினான் மாயக்காரன். பின்னாலேயே அவன் பெரியப்பா மகன், கையில் வக்கீல் நோட்டீஸ்.

"ஏன் மாமா முன்னாடியே திறந்தீங்க? மானமே போச்சு!"

"உன் பொண்டாட்டி உசிரு போயிருக்கும்டா. வார்த்தையை ஏன் மாத்தின?"

"இவன் வக்கீலோட முன் வரிசையில வந்து உட்கார்ந்துட்டானே! ஜிம்பிலின்னு சொன்னா அரங்கத்தைப் பூட்டுவானாம். புது வார்த்தை சொன்னா நீங்களே புரிஞ்சுக்குவீங்கன்னு பார்த்தேன்."

"பின்னே?" நோட்டீஸை ஆட்டினான் பெரியப்பா மகன். "எங்கப்பா மலைச் சாமியார் காலைப் பிடிச்சு வாங்கின மந்திரம். உங்கப்பன் சுட்டுட்டான்."

"உங்கப்பா மலையைப் படத்துலகூடப் பார்த்ததில்ல. எங்கப்பா கப்பல் ஏறிப் போய்க் கத்துக்கிட்டது!"

அவள் தரையில் கிடந்தபடியே கேட்டாள். "மாமா... நீங்கதானே ஆரம்பத்துலேர்ந்து இருக்கீங்க. யாரோடது அது?"

மாமா தாழ்ப்பாளைப் பார்த்தார்.

"அப்போ வார்த்தையே கிடையாது. மேலே கை தட்டுவாங்க, நான் திறப்பேன். ஒரு நாள் அண்ணன் தட்டறதா தம்பி தட்டறதான்னு இவங்கப்பனுங்க ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நின்னாங்க. நான் கீழே காத்துக்கிட்டே இருந்தேன். திறந்தப்போ உள்ளே இருந்தவளுக்கு மூச்சில்ல. கூப்பிட்டுக் கத்தினேன். மந்திரம்னு நினைச்சு ஜனங்க விசிலடிச்சாங்க. மறுநாள்லேர்ந்து அவங்க ரெண்டு பேரும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க."

"யாரைக் கூப்பிட்டீங்க?" பெரியப்பா மகனின் குரல் இறங்கியிருந்தது.

"என் தங்கச்சியை. வீட்டுல அவளுக்கு நான் வச்ச செல்லப் பேரு, ஜிம்பிலி."