பதினைந்தாவது ஆள்

வந்திருந்தவர்கள்: தலைவரான பல் டாக்டர், செயலாளரான ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா, வாயைத் திறந்தால் விதி எண்தான் வரும் என்பதால் அவர் ஊருக்கெல்லாம் 'செக்‌ஷன்', ஹார்டுவேர் கடைக்காரர், அவர் கை தூக்கினால் தானும் தூக்கும் அவருடைய மச்சான், தையல்கடை அக்கா, டியூஷன் வாத்தியார், மூன்றாம் தெரு அண்ணன், அந்த அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, மருந்துக்கடைக்காரர், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், டிரைவிங் ஸ்கூல்காரர், மாடி வீட்டு மாமியார், நான்கு நாற்காலி தள்ளி அவருடைய மருமகள், காது கேட்காத ரயில்வே தாத்தா, ஃபேனுக்கு நேர் கீழே. பதினைந்தாவதாக, சாவி.

சாவி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. வார்டு மன்றக் கட்டடத்தைத் திறப்பதும் பூட்டுவதும் பெருக்குவதும் அவர் வேலை. பதினான்கு வருடமாக இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியதில் பெயர் தேய்ந்து சாவி மட்டும் மிஞ்சியது. கட்டடத்துக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. அதில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். வாடகை கிடையாது, அதற்கேற்ற சம்பளம்.

அந்த வார்டில் நாலாயிரம் வீடுகள். கூட்டம் செல்லுபடியாகப் பதினைந்து பேர் போதும். நாலாயிரத்தில் பதினைந்து என்பது கைச்சொடுக்கில் நடக்கிற காரியம் என்று விதி எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள். பதினான்கு பேர் மாதாமாதம் தவறாமல் வந்தார்கள். பதினைந்தாவது ஆள் மட்டும் பிறக்கவேயில்லை. முதல் வருடம் மூன்று கூட்டங்கள் எண்ணிக்கை இல்லாமல் கலைந்தபின், பின்னறைக்கும் ஒரு கதவு எண் இருக்கிறது, ஆகவே அதில் இருப்பவரும் வார்டுவாசிதான் என்று செக்‌ஷன் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து சாவி பொதுமக்கள் ஆனார்.

பொதுமக்களுக்கு டீ போடும் வேலையும் உண்டு. அவர் அடுப்படிக்குப் போனால் கூட்டத்தில் பதினான்கு பேர்தான். எனவே அவர் தட்டோடு திரும்பும்வரை செக்‌ஷன் பேனாவை மூடி வைத்துவிடுவார். யாராவது வாய்தவறி ஒரு யோசனை சொன்னால், "இருங்க, மக்கள் டீ போட்டுட்டு வரட்டும்" என்பார். சிரிக்காமல் சொல்வார்.

இந்த மாதக் கூட்டத்தில் நான்கு பொருள்கள். நான்காவது, பின்னறையைக் காலிசெய்து அங்கே மக்கள் பங்கேற்பு மையம் அமைப்பது. மாநகராட்சி 'சிறந்த வார்டு' விருது ஒன்றை அறிவித்திருந்தது. விண்ணப்பத்தில் 'மக்கள் பங்கேற்புக்குத் தனி அறை உண்டா?' என்று ஒரு கட்டம். டாக்டருக்கு அந்தக் கட்டத்தில் 'உண்டு' என்று எழுத ஆசை. வாசலுக்கு நம்பர் பூட்டு போட்டுவிட்டால் சாவிக்கும் வேலையில்லை, சாவிக்காரருக்கும் வேலையில்லை.

நான்கு பொருள்களையும் சொல்லும் கூட்ட அறிவிப்பைச் சுவர்களில் ஒட்டியதும் சாவிதான்.

"எத்தனை ஒட்டினீங்க?" என்று காலையில் மனைவி கேட்டாள். மாத்திரை கம்பெனியில் இரவு ஷிஃப்டில் அட்டைப்பெட்டி மடிக்கிறவள். அப்போதுதான் வந்து படுத்திருந்தாள்.

"முப்பத்திரண்டு."

"நம்மள வெளிய அனுப்பப் போறோம்னு நீங்களே முப்பத்திரண்டு இடத்துல ஒட்டிட்டு வந்தீங்களா?"

"வேலைதானே."

"ஓரமெல்லாம் நல்லா ஒட்டிச்சா? பிஞ்சிக்கிட்டு நிக்கலையே?"

கிண்டல் என்று தெரிந்தும், "நல்லாதான் ஒட்டிச்சு" என்றார். அவள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். வெளியே ஒரு அறை பிடித்தால் இருவர் சம்பளத்தையும் முழுங்கிவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்கும். அதை இருவரும் பேசவில்லை. பேசிப் பேசி வாய் வலித்துப்போன விஷயம்.

கூட்டம் ஆறு மணிக்குத் தொடங்கியது. முதல் பொருள், பங்கேற்பை அதிகரிப்பது எப்படி.

"ஜனங்களுக்கு அக்கறையே இல்ல சார்" என்றார் டியூஷன் வாத்தியார். "கூப்பிட்டா வரமாட்டேங்கிறாங்க."

"நீங்க யாரைக் கூப்பிட்டீங்க?" என்று தையல்கடை அக்கா கேட்டார்.

"பொதுவா சொல்றேன்."

பொதுவாகவே நாற்பது நிமிடம் பேசினார்கள். முடிவில் பங்கேற்பை அதிகரிக்க ஐவர் குழு அமைந்தது. அந்த ஐவரும் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தவர்கள்தான். இரண்டாவது பொருள், பூங்கா பெஞ்சுக்குப் பச்சையா நீலமா. அண்ணன் பச்சை என்றதால் தம்பி நீலம் என்றார். மாமியார் நீலம் என்றதால் மருமகள் பச்சைக்குப் போனாள். கடைசியில் ஹார்டுவேர் கடைக்காரர் தன்னிடம் சாம்பல் நிறம்தான் இருப்பு இருக்கிறது என்றார். மச்சான் கை தூக்கினார். சாம்பல் நிறைவேறியது. மூன்றாவது பொருளைக் கொண்டுவந்தவருக்கே அது என்னவென்று மறந்துவிட்டதால் தள்ளிவைத்தார்கள்.

நான்காவது பொருளை டாக்டர் எழுந்து நின்று வாசித்தார். பல் பிடுங்குமுன் பேசுகிற அதே இதமான குரல்.

"சாவி நம்ம குடும்பத்துல ஒருத்தர். அதுல யாருக்கும் மாற்றுக் கருத்து இல்ல."

"அப்ப குடும்பத்துல ஒருத்தர் எங்க போய்ப் படுப்பாரு?" என்றார் அக்கா.

"அதெல்லாம் மனிதாபிமானத்தோட பார்க்கலாம்மா. தீர்மானத்துல 'மிகுந்த வருத்தத்துடன்'னு ஒரு வார்த்தை சேர்த்துக்குவோம்."

"ரெண்டு வார்த்தை" என்றார் வாத்தியார்.

"மையம் வந்ததும் முதல் கௌரவ உறுப்பினர் அவர்தான்" என்று டாக்டர் சாவியைப் பார்த்துச் சிரித்தார். சாவியும் சிரித்துவைத்தார். பதினான்கு வருடப் பழக்கம், அந்தச் சிரிப்பு தானாக வந்துவிடும். கை தூக்கினால் முடிந்தது கதை. அக்காவைத் தவிர எல்லோரும் தூக்குவார்கள். தாத்தா எதற்கென்று தெரியாமலே தூக்குவார்.

"ஒரு நிமிஷம்" என்றார் செக்‌ஷன்.

கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அதை அவர் ஒரு துணிப்பையில் வைத்துத்தான் கொண்டுவருவார்.

"ஒன்பதாம் விதி. ஒரு பொருள்ல சொந்த நலன் உள்ளவர், அந்தப் பொருள் பேசப்படும்போது உள்ள இருக்கக் கூடாது. சாவி, கொஞ்சம் வெளிய இருப்பா."

"சரிங்க சார்" என்று சாவி எழுந்தார். தன் நாற்காலியை ஓசைப்படாமல் வரிசையில் சேர்த்தும் வைத்தார். கதவருகே போய்விட்டார்.

"ஏங்க, அவர் போனா பதினாலுதானே?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

சாவி கதவுப் பிடியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"அப்ப உள்ளயே இருக்கட்டும். காதைப் பொத்திக்கட்டும்" என்றார் ஹார்டுவேர் கடைக்காரர்.

"அது எந்த விதியில இருக்கு?" என்று செக்‌ஷன் முறைத்தார்.

"யோவ், பதினாலு வருஷமா நடக்கிறதுதானே? எல்லாத்துக்கும் அவர் கணக்குல இருந்தார். இதுக்கு மட்டும் என்ன?"

"அவர் உள்ள இருந்தா தீர்மானம் செல்லாது. வெளிய இருந்தா கூட்டம் செல்லாது. நான் என்ன பண்ண? நானா எழுதினேன்?"

"பின்னால அவர் வீட்டம்மா இருக்காங்களே, கூப்பிட்டா என்ன?" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"அந்த அம்மா மட்டும் ஹோட்டல்லயா தங்கியிருக்கு? அதுக்கும் சொந்த நலன்தான்."

டாக்டரின் இதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. "செக்‌ஷன் சார், வழி சொல்லுங்க. வியாக்கியானம் வேண்டாம்."

வழியும் புத்தகத்தில் இருந்தது. பதினோராம் விதி. எண்ணிக்கை குறைந்தால் முப்பது நிமிடம் காத்திருக்கலாம். அதற்குள் வார்டுவாசி யாராவது ஒருவர் வந்து உட்கார்ந்தால் தீர்மானம் போடலாம். வரவில்லையென்றால் அந்தப் பொருளை ஒரு வருடத்துக்குத் தொடக்கூடாது.

"ஒரு வருஷமா? விருதுக்கு மாசக் கடைசி!" என்று டாக்டர் போனை எடுத்தார். எல்லோரும் எடுத்தார்கள். செக்‌ஷன் மணி பார்த்துக் குறித்தார்: ஏழு ஐந்து.

சாவி கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு முன்வராந்தாவுக்கு வந்தார். அங்கே செருப்பு வைக்கும் அலமாரி, ஒரு ஸ்டூல், தெருக்கதவு. ஸ்டூலில் உட்கார்ந்தார். உள்ளே பேசுவதெல்லாம் காதில் விழுந்தது.

"அஞ்சே நிமிஷம் வந்து உக்காந்துட்டுப் போ. கை மட்டும் தூக்கினா போதும்... குளிச்சிட்டு இருக்கியா? சரி, துடைச்சிட்டு வா... ஹலோ? ஹலோ?"

"டாக்டர் பேசறேன். பல் எப்படி இருக்கு? வலிக்குதா? பரவாயில்ல, இங்க பேச வேண்டியதில்ல..."

"பங்காளிக்குப் போன் போடச் சொல்லுங்க" என்று அண்ணன் பொதுவாகச் சுவரிடம் சொன்னார். "அவர் போடட்டும்" என்று தம்பியும் அதே சுவரிடம் சொன்னார்.

நாலாயிரம் வீடுகளிலும் அந்த நேரத்தில் யாருக்கோ உடம்பு சரியில்லை, யாருக்கோ விருந்தாளி, யாரோ வெளியூரில். சாவிக்கு அந்த நாலாயிரம் பேரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஜனங்களுக்கு அக்கறை இல்லை என்று வாத்தியார் குறைப்பட்டுக்கொண்டாரே, அது மட்டும் இருந்திருந்தால் இன்று தன் பாடு என்னவாகியிருக்கும்?

பக்கச் சந்து வழியாக மனைவி வந்து வாசலில் நின்றாள். தோளில் பை, கையில் சாப்பாட்டு டப்பா.

"என்ன, வெளிய உக்காத்தி வச்சிட்டாங்களா?"

விஷயத்தைச் சொன்னார். அவள் டப்பாவை இடுப்பில் அண்டக்கொடுத்தபடி கேட்டாள்.

"ஆக, யாரும் வரலைன்னா நமக்கு ஒரு வருஷம் வீடு."

"ஆமா."

"வந்தா?"

"வந்தா இல்ல."

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"எனக்கு வண்டி வந்திரும். காலையில வர்றப்போ பெட்டி படுக்கை தெருவுல கிடந்துச்சுன்னா..." என்று அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அதையும் நீங்களே மடிச்சு அழகா அடுக்கி வச்சிருப்பீங்க. எனக்குத் தெரியும்."

அவள் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

ஏழரைக்கு யாரோ படியேறி வந்தார்கள். முப்பது வயதிருக்கும் ஒரு பெண். பரிசோதனைக்கூடத்தின் அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். நெஞ்சோடு ஒரு ஃபைலை அணைத்திருந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, வார்டு கூட்டம் இங்கதானே?"

சாவி எழுந்துவிட்டார்.

"கவுன்சிலர் ஆபீஸ்ல நாலு தடவை மனு குடுத்தேன். இன்னைக்குப் போனா, இங்க வந்து சொன்னாத்தான் எடுப்பாங்கன்னு அனுப்பிட்டாங்க. நாங்க அஞ்சாம் தெரு, கடைசி வீடு. தெருவிளக்கு எரிஞ்சு மூணு மாசமாச்சு. போன வாரம் அப்பா இருட்டுல கால்வாய்க்குள்ள விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு. இனி நடப்பாரான்னே தெரியல." ஃபைலைத் திறந்து ஒரு எக்ஸ்ரே படத்தை எடுத்தாள். "யாருகிட்ட காட்டணும்?"

அஞ்சாம் தெரு. கடைசி வீடு. வார்டின் எல்லைக்கு உள்ளேதான். சாவிக்கு ஒவ்வொரு கதவு எண்ணும் அத்துப்படி.

பதினான்கு வருடத்தில் கூப்பிடாமல் வந்த முதல் ஆள் இவள். சொல்ல வேண்டிய விஷயத்தோடு வந்த முதல் ஆளும்தான். உள்ளே விட்டால் ஆளுக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைப்பார்கள். டாக்டர் பிஸ்கட் தட்டை நீட்டுவார். கை தூக்கவைத்து எண்ணிக்கொள்வார்கள். அதற்கப்புறம் விளக்குக்கு ஒரு ஐவர் குழு போடுவார்கள். போடாமலும் இருக்கலாம், ஒருவேளை விளக்கே எரியலாம். அது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதைத்தான் அவரால் தாண்ட முடியவில்லை.

"கூட்டம் முடிஞ்சிருச்சும்மா" என்றார்.

"முடிஞ்சிருச்சா? உள்ள பேச்சு சத்தம் கேக்குதே?"

"டீ குடிச்சிக்கிட்டு இருக்காங்க. சும்மா ஊர்க்கதை."

"ரெண்டு நிமிஷம் உள்ள போய்ச் சொல்லிட்டு வந்துடறேனே அண்ணே. வேலையில மறுபடி பர்மிஷன் கேட்டா திட்டுவாங்க."

"கூட்டம் முடிஞ்சப்புறம் சொன்னா குறிப்புல ஏறாதும்மா. விதி அப்படி." தன் வாயிலிருந்து செக்‌ஷனின் குரல் வந்தது அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"அப்ப இதையாவது வாங்கி வச்சுக்குங்க."

ஃபைலை நீட்டினாள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நேர்ல வந்து குடுக்கணும்மா. அடுத்த மாசம் வாங்க."

"அடுத்த மாசம் என்னைக்கு?"

"சுவத்துல ஒட்டுவோம்."

அவள் எக்ஸ்ரேயைத் திரும்ப ஃபைலுக்குள் செருகினாள். ஒரு முனை மடங்கிக்கொண்டது. அதை நிமிர்த்திச் சரியாகச் செருக நேரம் பிடித்தது. கூடத்திலிருந்து, "மூணு நிமிஷம்தான் இருக்கு, யாராவது வாசல்ல எட்டிப் பாருங்கப்பா!" என்று டாக்டர் கத்தினார். அவள் தலை நிமிர்ந்தாள்.

"எதுக்கு மூணு நிமிஷம்?"

"பூட்டறதுக்கு" என்றார் சாவி.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "உங்களையாவது பார்த்தேன். கவுன்சிலர் ஆபீஸ்ல யாரும் முகம் குடுத்தே பேசலை" என்றாள். அதை அவள் மனதாரச் சொன்னாள். சாவி படிவரை கூட வந்தார். படி இருட்டாக இருக்கும், பார்த்து இறங்குங்கள் என்று சொல்ல வந்து சொல்லாமல் விட்டார். அவளுடைய குதிகால் வாசற்படியைத் தாண்டியதும் உள்ளே வந்து கதவைச் சாத்தி, இரண்டு சுற்று பூட்டினார்.