பாலத்தில் நின்ற வண்டி

திருவானைக்காவலில் பிச்சை மெக்கானிக்குக் கை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை என்பார்கள். அந்தப் பிச்சை நான்தான். வண்டியைக் கெடுத்துக்கொண்டு வருகிறவரை நாலு வார்த்தை கேட்காமல் எனக்கு ஸ்பேனர் பிடிக்க வராது. டோமினிக் சாரையும் அப்படித்தான் கேட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சார் கல்லூரி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பிரான்சி டீச்சருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் தென்னூரில் டயாலிசிஸ். மூடிய வண்டியில் ஏறினால் டீச்சருக்குக் குமட்டும் என்பதால், பதினெட்டு வருஷப் பழைய பைக்கில் சார் உருட்டிக்கொண்டு போவதுபோல மெதுவாகக் கூட்டிப்போவார். காவேரிப் பாலத்துக் காற்றுக்காகத்தான் அந்த ஊசியையே பொறுத்துக்கொள்கிறேன் என்று டீச்சர் ஒருமுறை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்த பைக் என் கடைக்கு வந்தால் மற்ற வேலை எல்லாம் அப்புறம்தான்.

அந்த வண்டிதான் சூடானதும் நிற்க ஆரம்பித்தது. காலையில் ஒரே உதையில் கிளம்பும். போகும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அணையும், திரும்பும்போது பாலத்தில் அணையும். பத்து நிமிஷம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி கிளம்பும்.

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். ஆயுத பூஜைக்கு அப்புறம்தான் என்றார் சார். எனக்குச் சுருக்கென்றது. பூஜைக்கு முதல் நாள் ஆயில் மாற்றி, கழுவித் துடைத்து, பூஜை முடித்துக் கொடுத்ததே நான்தானே. என் வேலையிலேயே குறை சொல்கிறீர்களா, கண்ட பங்க்கில் பெட்ரோல் போட்டால் வண்டி ஓடுமா என்று கத்தினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சார் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தார்.

பிளக்கை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். சூடானால் விட்டுப்போவது, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயில்தான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அதையும் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டோல்கேட் வரை ஓட்டிப் பார்ப்பேன். எனக்கு நிற்கவே நிற்காது. அவர்களுக்கு நின்றது. ஒருநாள் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது உச்சி வெயிலில் டீச்சர் பாலத்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாராம். அதைக் கேட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் பெங்களூரில் இருக்கும் மகள் பெலிண்டாவுக்குப் போனது. வண்டியை விற்றுவிடுங்கள், ஆஸ்பத்திரி வேனே வந்து கூட்டிப்போகும் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆள் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் சார் என் கடைக்கு வந்தார்.

"கடைசியா ஒரு தடவை பாருங்க, பிச்சை. வேன்னு சொன்னதுலேர்ந்து அவ பேசவே மாட்டேங்கறா."

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். நேற்று டேங்க்கை நிரப்பிக்கொண்டு போனாராம். பாலம் வருவதற்குள்ளேயே, மாம்பழச் சாலையில் நின்றுவிட்டதாம்.

எனக்குப் பொறி தட்டியது. இன்ஜின் சூட்டுக்கும் டேங்க் நிரம்புவதற்கும் என்ன சம்பந்தம்? இந்தத் தடவை சார் ஓட்டுவதுபோலவே, மூடியைத் தொடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாம்பழச் சாலை தாண்டுவதற்குள் எனக்கும் அணைந்தது. இன்ஜினில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு கொதி. ஆறவிடாமல் மூடியை மட்டும் திறந்தேன். உஸ் என்று காற்று உள்ளே போனது. உதைத்தேன், உடனே கிளம்பியது. அப்படியென்றால் சூடு காரணமே இல்லை.

தண்ணீர் கேனைக் கவிழ்த்தால் மூச்சு வாங்கி வாங்கித்தானே ஊற்றும்? டேங்க்கும் அப்படித்தான். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போகவேண்டும். அதற்காக மூடியில் ஊசிக்கண் அளவு ஓட்டை உண்டு. நிரம்பிய டேங்க்கில் காற்று கொஞ்சம்தான் இருக்கும், அதனால் சீக்கிரமே திணறும். நான் ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து காற்று விட்டதால்தான் எனக்கு நிற்கவில்லை; அவர்களுக்குப் பத்து நிமிஷத்தில் காற்று மெல்லக் கசிந்து இறங்கியதும் கிளம்பியிருக்கிறது. மூடியின் மேல்பக்கத்தை உற்றுப் பார்த்தேன். ஓட்டையின் மேல் சந்தனம் கல்லாய்க் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம்.

நான் வைத்ததுதான். ஆயுத பூஜையன்று கடையில் இருந்த எல்லா வண்டிக்கும் ஒரு பொட்டு. இதில் மட்டும், நோயாளி ஏறுகிற வண்டியாயிற்றே, டீச்சர் நல்லபடியாக இருக்கவேண்டும் என்று அகிலாண்டேஸ்வரியிடம் வேண்டிக்கொண்டு, தாராளமாக அப்பியிருந்தேன். வண்டியை எடுக்க வந்த சாரிடமும் அதைச் சொல்லியிருந்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

மறுநாள் காலை வண்டியோடு போனபோது வாங்க வந்த ஆள் வாசலில் நின்றிருந்தார். ஏதோ ஒயர் லூஸாக இருந்தது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். டீச்சர் வெளியே வந்து வண்டியின் சீட்டைத் தடவிக் கொடுத்தார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"வண்டில ஒரு குறையும் இல்லைங்க. நான் வச்ச சந்தனம்தான் ஓட்டைய அடைச்சிருக்கு. டீச்சர வெயில்ல உக்கார வச்சது நான்தான்."

நாலு பேர் எதிரில் சார் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பைக்கைக் கழுவும்போதெல்லாம் அதைச் சுரண்டப் போனதாகவும், டீச்சர்தான் தடுத்ததாகவும் சொன்னார்.

"எனக்காக வேண்டிக்கிட்டு வச்சீங்கன்னு தெரியும், பிச்சை. அதைப் போய் எப்படி அழிக்கிறது? நாங்க பாத்துப் பாத்துல்ல கழுவினோம்" என்றார் டீச்சர்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துணியால் மூடியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். டீச்சர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வண்டியை எடுக்கச் சொல்லி சாரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பாலம் வரைக்கும் போய் வருவதாக, வந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அரை மணி நேரம் ஆனது. வண்டி திரும்பவும் எங்கேயாவது நின்றுவிட்டதா என்று அந்த ஆள் என்னிடம் கேட்டார். நிற்காது, நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்றேன்.