வெறும் உப்புத் தண்ணீர்

"உங்களுக்குப் போனது மருந்து இல்லை மேடம். சலைன்," என்றார் டாக்டர் ஜென்சி.

அபிதகுஜாம்பாள் சிரித்துவிட்டாள். மேற்கு தாம்பரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவள் அவள். சலைன் என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீரில் கரைத்த உப்பு. அவ்வளவுதான்.

"டாக்டர், நல்லா பாருங்க. வேற யாரோடதையாவது பார்த்துச் சொல்றீங்க. எனக்குத்தான் நல்லாயிடுச்சே?"

"இல்லை மேடம், சரியாத்தான் சொல்றேன். ஆரம்பத்துலயே சொன்னேன் இல்லையா? பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்குச் சலைன், யாருக்கு எதுன்னு முடியற வரைக்கும் எனக்கே தெரியாதுன்னு. நேத்துதான் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தோம்."

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். சேலையூர் பக்கம் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் வெயிலில் நடந்தே வந்தாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடித்துக் கூப்பிட்டது எதுவும் காதில் விழவில்லை.

அவள் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்தாலே அடிவயிற்றில் கத்தியை விட்டுத் திருகுகிற மாதிரி வலிக்கும். போய்விட்டு வந்தால் சற்றுக் குறையும். திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடி ஆரம்பிக்கும். முதலில் பார்த்த டாக்டர் கிருமி என்றார். டெஸ்டில் கிருமி இல்லை. ஆனாலும் ஆன்டிபயாடிக் எழுதினார். அடுத்தவர் ஸ்கேன் எடுத்துவிட்டு எல்லாம் நார்மல் என்றார். குரோம்பேட்டையில் ஒருவர், "பொண்ணு ஹாஸ்டலுக்குப் போயிட்டா இல்லையா, வீட்ல தனியா இருக்கீங்க, மனசு எதையாவது பிடிச்சுக்கும்," என்று பரிவாகச் சொன்னார். அந்தப் பரிவைத்தான் அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். திருச்சிக்கு பஸ்ஸில் போவதை நிறுத்தினாள். பள்ளிக்கூடம் இருக்கும் நாட்களில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். அவளுடைய வகுப்பு மூன்றாவது மாடியில். டீச்சர்கள் பாத்ரூம் கீழே. மூன்றாவது மாடியில் இருக்கும் பாத்ரூமுக்குப் பூட்டு. இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் மட்டும் திறப்பார்கள். பீரியட் நடுவில் வகுப்பை விட்டு இறங்கக் கூடாது என்பது கரஸ்பாண்டன்ட் உத்தரவு.

இந்த நிலையில்தான் டாக்டர் ஜென்சி கிடைத்தார். இதற்கென்று ஒரு பெயர் உண்டு, நிறையப் பெண்களுக்கு இருக்கிறது, சரியான மருந்துதான் இல்லை, அதைத்தான் தேடுகிறோம் என்றார். அன்றைக்கு அந்த அறையிலேயே அபிதா அழுதாள். பிறகு வாரா வாரம் போய்ப் படுத்தாள். மெல்லிய குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் மருந்து ஏற்றுவார்கள். நர்ஸ் ரேஷ்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வாரம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். மெதுவாக, ஆனால் நிஜமாக, வலி இறங்கியது. போன மாதம் பாரிமுனை வரைக்கும் மின்சார ரயிலில் போய்ப் புடவை எடுத்து வந்தாள், வழியில் எங்கே பாத்ரூம் இருக்கிறது என்று ஒரு தடவைகூட யோசிக்காமல்.

அத்தனையும் உப்புத் தண்ணீரா?

சாயங்காலம் முடிச்சூர் வீட்டில் கணவர் சூர்யநாராயணனிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் வேறு யாரிடம் சொல்வாள்?

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கெட்ட சிரிப்பு இல்லை. கணக்கில் விடை சரியாக வந்த பையனுடைய சிரிப்பு.

"அப்போ நான் அன்னிக்கே சொன்னது கரெக்ட்தானே? எல்லாம் மனசு. நீதான் ஒத்துக்கலை."

"என்ன சொன்னீங்க?"

"இல்ல அபி, தப்பா எடுத்துக்காதே. நல்ல விஷயம்தானே? வியாதியே இல்லைன்னு ஆயிடுச்சு."

அபிதா எழுந்து போய் டிவியை அணைத்தாள். ரிமோட்டால் இல்லை, சுவரில் சுவிட்சைத் தட்டி.

"பாத்ரூம் தரையில சுருண்டு கிடந்தேனே, நீங்க தாண்டிப் போய் ஷேவ் பண்ணிக்கிட்டீங்களே, அது மனசா? உங்க தங்கை பொண்ணு கல்யாணத்துல தாலி கட்டற நேரத்துல எழுந்து ஓடினேனே, மரியாதை தெரியாதவள்னு உங்க வீட்டு மனுஷங்க அத்தனை பேரும் பேசினாங்களே, அது மனசா? உங்களுக்கு முதுகு பிடிச்சுக்கிட்டப்போ நான் தைலம் தேய்ச்சேன். மனசுன்னு ஒரு வார்த்தை சொன்னேனா?"

"கத்தாதே. பக்கத்து ஃப்ளாட்டுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்!"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார். ஃப்ரிட்ஜில் பால் இருந்தது.

மறுநாள் இல்லை, அதற்கடுத்த நாள் வலி திரும்பி வந்துவிட்டது. பிளஸ் டூ 'பி' பிரிவில், கரிம வேதியியல் நடத்திக்கொண்டிருக்கும்போது. போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலியைவிட அவமானம் அதிகமாக எரிந்தது. உப்புத் தண்ணீர் என்று தெரிந்ததும் வந்துவிட்டதே, அப்படியானால் கணவர் சொன்னதுதான் சரியா? தன் உடம்பே தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்துவிட்டதா?

சனிக்கிழமை நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். உட்காரக்கூட இல்லை.

"எதுக்கு டாக்டர் சொன்னீங்க? மருந்துதான்னு ஒரு பொய் சொல்லியிருந்தா நான் நல்லா இருந்திருப்பேனே!"

"நீங்க கேட்டீங்க. உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு உரிமை இல்லை," என்றார் ஜென்சி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "உட்காருங்க மேடம். அன்னிக்கு முழுசாக் கேக்காமப் போயிட்டீங்க. என் மருந்து தோத்துப்போச்சு. அந்த மருந்து வாங்கினவங்களுக்கு எவ்வளவு குறைஞ்சதோ, கிட்டத்தட்ட அதே அளவு சலைன் வாங்கினவங்களுக்கும் குறைஞ்சிருக்கு. இத்தனை வருஷம் இதுக்குத்தான் உழைச்சேன்."

"அப்போ எங்க எல்லாருக்குமே மனப்பிரமையா?"

"அப்படிச் சொல்றவங்களை எங்கிட்ட அனுப்புங்க." முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. "வலி இருந்தது நிஜம். குறைஞ்சதும் நிஜம். ரெண்டு குழுவுக்கும் பொதுவா நாங்க என்ன செஞ்சோம்னு யோசிச்சுப் பாருங்க. காபியை நிறுத்தச் சொன்னோம். வேளாவேளைக்குத் தண்ணி குடிக்க வெச்சோம். அடக்கவும் கூடாது, பயந்து அடிக்கடி ஓடவும் கூடாதுன்னு நேரம் வெச்சுப் போகப் பழக்கினோம். அடிவயிற்றுத் தசையைத் தளர்த்தற பயிற்சி ரேஷ்மா சொல்லிக் கொடுத்தா. நாங்க இதையெல்லாம் மருந்துக்குப் பக்கவாத்தியமா நெனைச்சோம். இதுல எது வேலை செஞ்சது, எவ்வளவு செஞ்சதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. யாரோ ஒருத்தர் உங்க பேச்சை நம்பினதும்கூட அதுல ஒரு பங்கா இருக்கலாம். இந்த வாரம் நீங்க தூங்கினீங்களா? தண்ணி குடிச்சீங்களா?"

அபிதா இரண்டையும் செய்யவில்லை. அன்றைக்கிலிருந்து பயிற்சியையும் விட்டிருந்தாள். ஆத்திரத்தில் வேளைக்கு வேளை காபி குடித்திருந்தாள்.

"இதை அந்தக் குரோம்பேட்டை டாக்டர் சொல்லியிருக்கலாம் இல்லையா? முதல்ல பார்த்தவர் சொல்லியிருக்கலாம் இல்லையா? தண்ணி குடி, இப்படித் தசையைத் தளர்த்து, இந்த நேரத்துக்குப் போன்னு சொல்ல என்ன கண்டுபிடிப்பு வேணும்?"

"சொல்லியிருக்கலாம்," என்றார் ஜென்சி. "நான்கூட மருந்து இருக்குன்னு சொன்ன பிறகுதான் சொன்னேன்."

அந்த நேர்மை அபிதாவின் கோபத்தைக் குறைக்கவில்லை. ஆனால் அது எங்கே போய் விழ வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. திங்கட்கிழமை மூன்றாவது பீரியடில் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"எனக்குச் சிறுநீர்ப்பையில ஒரு நோய் இருக்கு," என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னாள். "நேரத்துக்குப் போகணும். போயிட்டு வரேன். நீங்க அந்தச் சமன்பாட்டை முடிச்சு வைங்க."

ஒரு பையன் களுக்கென்றான். முன் பெஞ்சிலிருந்த சின்மயி அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான். அபிதா கதவருகே போகும்போது அந்தப் பெண் எழுந்தாள்.

"மிஸ், நாங்களும் போலாமா? நாங்க மத்தியானம் வரைக்கும் தண்ணியே குடிக்கறதில்லை மிஸ்."

அபிதா கதவை அகலத் திறந்தாள். "வாங்க," என்றாள்.

மத்தியானம் பிரின்சிபால் தோத்தாத்ரி கூப்பிட்டு அனுப்பினார். "மேடம், சீனியர் டீச்சர் நீங்க. பசங்க முன்னாடி இதெல்லாம் பேசற விஷயமா?"

"நுரையீரல் நோய்னா பேசியிருக்கலாமா சார்?"

"விதண்டாவாதம் பண்ணாதீங்க. பீரியட் நடுவில இறங்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

"அப்போ மூணாவது மாடியைத் திறந்து விடுங்க. இறங்க வேண்டாம்."

"அது இன்ஸ்பெக்‌ஷனுக்கு..."

"இன்ஸ்பெக்டருக்கு மட்டும்தான் மூத்திரம் வருமா சார்?"

வெளியே காத்திருந்த இங்கிலீஷ் டீச்சர் சத்யபிரியாவுக்கு அது நன்றாகக் கேட்டிருக்க வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்க அந்த வாக்கியம்தான். பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். மீதிப் பேர் தனித்தனியாக அவளிடம் வந்து, தாழ்ந்த குரலில், தங்கள் கதையைச் சொன்னார்கள். அவர்களில் நால்வர் மறுநாள் அவளோடு பிரின்சிபால் அறைக்கு வந்தார்கள். தோத்தாத்ரி கரஸ்பாண்டன்ட்டுக்கு போன் செய்தார். அபிதாவை வேலையை விட்டு அனுப்பிவிடலாமா என்றுகூட அங்கே பேச்சு நடந்ததாம். பப்ளிக் எக்ஸாம் நெருங்குகிற நேரத்தில் வேதியியலுக்கு ஆள் எங்கே கிடைக்கும்? பூட்டு திறந்தது.

வீட்டில் சூர்யநாராயணன் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று ஒரு நாள் கேட்டார். "வலிக்குது," என்றாள். அவர் தலையை ஆட்டினார். மனசு என்ற வார்த்தை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து வரவில்லை. அது போதுமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

வலி முழுதாகப் போகவில்லை. பயிற்சியைத் திரும்ப ஆரம்பித்த பிறகு, நல்ல நாட்கள் மெல்ல அதிகமாகின்றன. டாக்டர் ஜென்சி, மருந்து தோற்றதை ஒளிக்காமல் மருத்துவ இதழுக்கு எழுதி அனுப்பிவிட்டு, அடுத்த ஆய்வுக்கு ஆள் சேர்க்கிறார். இம்முறை மருந்தே கிடையாது, இந்தப் பழக்கங்கள் மட்டும்தான். அபிதா சேருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஒரு நிபந்தனையோடு: குரோம்பேட்டை டாக்டருக்கும் முடிவை அனுப்ப வேண்டும்.

மூன்றாவது மாடி பாத்ரூமில் முதல் வாரம் தண்ணீர் வந்தது. இரண்டாவது வாரம் நின்றுபோனது. குழாயைத் திருகினால் காற்றுதான் சீறியது. வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள்.

"மோட்டார் போடலை மிஸ். கேட்டா, மேல் மாடிக்கு எதுக்கும்மா தண்ணின்னு கேக்கறாங்க," என்றாள் சின்மயி.

அபிதா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பிரின்சிபால் அறையை நோக்கிப் படிகளில் இறங்கத் தொடங்கினாள்.