இடப்பக்கப் பெட்டிக்கு இரண்டு ஆம்பியர்

சிங்கக்குரலார் வீட்டுக் கூடத்தில் இருந்த இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகளில் இடப்பக்கத்துப் பெட்டி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு, அவர் மனைவி இருபத்தோராண்டுகளாகச் சொல்லாமல் விழுங்கிய சொற்களை, விழுங்கிய வரிசையிலேயே சொல்லத் தொடங்கியது. முதல் வாக்கியம் திருமணமான மூன்றாம் நாள் துவைக்கச் சொன்ன சட்டையைப் பற்றியது. காரணம் எளிது. முந்தைய மாலை, குடிநீர் வாரிய ஊழியர் சங்கத்தின் நாவேந்தரான அவர், மகளிர் மாநாட்டில் தாம் முழங்கிய உரையின் ஒலிப்பதிவைத் தெருமுனை வரை கேட்கும்படி வைத்திருந்தார். ‘அடுப்படிக்குள் அடைபட்ட அரிமாக்களே, ஆர்த்தெழுங்கள்’ என்று பதிவு முழங்கிய இடத்தில், அடுப்படியிலிருந்த மனைவியைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, ஒலியை இன்னும் கூட்டினார். ஃபியூஸ் போயிற்று. போன ஃபியூஸைச் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளில் பொதிந்து மறுபடி செருகுவது அவசரக்காரர் அனைவரும் செய்வதே, அவரும் செய்தார். தடை நீங்கியது. தடை நீங்கிய வழியில் எதை விடுவது, எதை நிறுத்துவது என்பது வெள்ளித்தாளுக்குத் தெரியாது.

பெட்டியின் தலைமேல் ஒரு கடிதம் கிடந்தது. முந்நூறு கல் தொலைவிலுள்ள ஆய்வுக்கூடம் ஒன்று மகளுக்கு அனுப்பிய பணி ஆணை; வெள்ளிக்கிழமை புறப்பட்டாக வேண்டும். ‘பார்க்கலாம்’ என்று சொல்லியிருந்தார் தந்தை. அந்த வீட்டில் ‘பார்க்கலாம்’ என்றால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது என்று பொருள். பெட்டியோ நாளொன்றுக்கு ஏழாண்டு வீதம் முன்னேறிக்கொண்டிருந்தது. கணக்குப்படி வியாழன் மாலை அந்தக் கடிதத்திற்கு வந்து சேரும். அதற்குள் அதன் வாயை அடைத்தாக வேண்டும். வெள்ளித்தாளைப் பிடுங்கினார், வயரைப் பிடுங்கினார். பெட்டி மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. தூக்கி எறியலாம் என்றால், தம் உரைகளைத் தாமே கேட்டு மகிழ வேறு வழி ஏது? சரியான ஃபியூஸ் ஒன்றே இதைத் தடுக்கும் என்று முடிவு கட்டினார். பழையதன் மூடியில் இருந்த எண் கருகிப் போயிருந்ததால் கடை கடையாக ஏறி இறங்கினார். ஐந்து ஆம்பியர் போட்டதும் பெட்டி இன்னும் உரக்கப் பேசியது. பக்கத்து வீட்டார் நாற்காலியோடு வந்து அமர்ந்தனர். அரை ஆம்பியர், ‘அன்னைக்கு’ என்ற முதற்சொல்லிலேயே உருகி வழிந்தது. மெதுவாக எரியும் வகை என்று ஒருவர் தந்தது, சிங்கக்குரலாருடைய தங்கையின் திருமணத்தன்று நடந்ததை முழுதும் சொல்ல விட்டு, அதன்பின் நிதானமாக எரிந்தது. மனைவி எதற்கும் அசையவில்லை. காய் நறுக்கியபடியே, ‘அது புதன் இல்ல, வியாழன்’ என்று ஒரே ஒருமுறை பெட்டியைத் திருத்தினாள்.

வியாழன் பிற்பகல், உதிரிபாகக் கடை நடத்தும் பெண்மணி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பழைய ஃபியூஸைப் பார்த்தாள்.

“ரெண்டு ஆம்பியர், சட்டுனு போற வகை. இதான் சார் உங்க பொட்டிக்கு. தெருவே உங்க பொட்டியப் பத்தித்தான் பேசுது, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

“பொட்டி தாங்காதப்ப, தான் எரிஞ்சு பொட்டியக் காப்பாத்துறதுக்குப் பேருதான் ஃபியூஸ். இருபத்தோரு வருஷமா உங்க வீட்டுல எரிஞ்சது இந்தக் கண்ணாடிக் குழாய்தானா?”

நாலாயிரம் பேர் நடுவே நாப்பிறழாதவர், விலையை மட்டும் கேட்டார். ஃபியூஸை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்தார். ‘எனக்கும் இதே மாதிரி ஒரு லெட்டர்’ என்று பெட்டி தொடங்கிய கணத்தில் அதைச் செருகினார். பெட்டி நின்றது. சிங்கக்குரலார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போது அடுப்படி வாசலில் ஈரக்கையோடு வந்து நின்ற மனைவி, பெட்டி விட்ட இடத்திலிருந்து, பெட்டியின் அதே குரலில் தொடர்ந்தாள்.

“வந்துச்சு. கல்யாணமாகி அடுத்த மாசம். அப்பவும் பார்க்கலாம்னுதான் சொன்னீங்க. இன்னும் பார்த்துக்கிட்டே இருக்கீங்க. பொண்ணு நாளைக்குக் கிளம்புறா.”

அவர் ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கம்பி அறுபடாமல் பளபளத்தது. சரியான ஃபியூஸ்தான்.

வெள்ளியன்று மகளின் துணிப்பெட்டியைப் பேருந்து வரை அவரே சுமந்தார். திரும்பி வந்து, வலப்பக்கத்துப் பெட்டியின் எதிரே அமர்ந்தார். பிறகு, பழுதே இல்லாத அதன் ஃபியூஸைத் தாமே கழற்றி, மகள் தின்றுவிட்டுப் போன சாக்லேட்டின் வெள்ளித்தாளில் பொதிந்து செருகினார். பெட்டி ஒருமுறை கனைத்தது. பின்னர் அவருடைய மேடைக் குரலில், தெருமுனை வரை கேட்கும்படி, “தப்பு என்னோடதுதான்” என்றது.

“கேட்டுச்சு” என்றாள் மனைவி உள்ளிருந்து. “சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க.”

குறைத்தார். அந்தத் தெருவில் ஒலிபெருக்கி வாங்குவோர் இன்றும், இடப்பக்கம் யாருக்கு, வலப்பக்கம் யாருக்கு என்று வீட்டில் பேசி முடித்த பிறகே கடைக்குப் போகிறார்கள்.