மூன்று முறை அணைந்த ஹீட்டர்

1.

வாய் திறக்க வேண்டிய நேரத்தில் நான் திறக்கவில்லை. அதிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. மூன்று வருடமாக எங்கள் வீட்டில் ஒரு சம்பவத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். சிரிப்பவர்களில் நானும் ஒருவன். அந்தச் சம்பவத்தில் ஒரு இடம் பொய் என்று எனக்கும் அத்தானுக்கும் மட்டும் தெரியும்.

முதல் வரியை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். 'பனி பொழிந்துகொண்டிருந்தது' என்று தொடங்கியதும் எனக்கே கொட்டாவி வந்தது. 'புரொப்பேன் என்பது ஒரு எரிவாயு' என்று தொடங்கினால் பள்ளிக்கூடப் பாடம். மற்ற இரண்டையும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இன்னொரு பிரேக்கோடு வாழ்கிறவள். அத்தான் லிஃப்ட் பழுது பார்ப்பவர். நான், இரண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து, அது நடந்தபோது ஐந்து மாதமாகியும் கிளம்பாத தம்பி. இன்னும் கிளம்பவில்லை.

2.

ஹீட்டரை வாங்கியது ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்கத்தான். தண்ணீர்க்குடம் அளவுக்கு ஒரு பெட்டி. பக்கவாட்டில் சின்ன புரொப்பேன் சிலிண்டரைத் திருகி மாட்டி, குமிழை அழுத்திப் பிடித்தால் முகப்புத் தகடு செக்கச்செவேலென்று பழுக்கும். மின்சாரமே வேண்டாம். கூடாரத்துக்கு வெளியே அதைச் சுற்றி உட்கார்ந்து சாயங்காலம் முழுக்கக் கதை பேசினோம். ஒரு முறைகூட அது அணையவில்லை.

(இதை நீட்ட ஆசைதான். கூடாரக் கம்பிகளை அத்தான் தலைகீழாகச் செருகியது தனிக் கதை. ஆனால் நமக்கு வேண்டியது ஒரே தகவல்: வெட்டவெளியில் ஹீட்டர் ஒழுங்காக எரிந்தது.)

3.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, பனியின் பாரம் தாங்காமல் மின்கம்பிகள் அறுந்தன. எங்கள் நான்காவது மாடி வீடு மத்தியானத்துக்குள் சில்லிட்டுப் போயிற்று. வெளியே கட்டடம் கட்டடமாகப் படியேறி, லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் இறக்கிவிட்டு, நனைந்த காலணியோடு அத்தான் வந்தார். பரணிலிருந்து ஹீட்டரை இறக்கிக் கூடத்தில் பற்றவைத்தார். பிறகு ஒரு பழைய துண்டை எடுத்து, பால்கனிக் கதவின் அடியில்

இல்லை. இந்த வாக்கியம் இத்தோடு நிற்கட்டும். முதல் வரைவில் இதை முழுசாகவே எழுதியிருந்தேன், கூசாமல்.

துண்டை எடுத்தது நான். அத்தான் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, அக்கா போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது, கதவின் அடியில் அதைத் திணித்தேன். ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகினேன். ஒரு பொட்டுக் காற்று நுழையாதபடி வீட்டை அடைத்துவிட்டோம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

4.

ஹீட்டர் எரிந்தது. மூவரும் அதன் முன்னால் கையை நீட்டி உட்கார்ந்தோம். அரை மணியில் 'டிக்' என்று அணைந்தது. அத்தான் மறுபடி பற்றவைத்தார். பத்து நிமிடம். மூன்றாவது முறை ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

"ஏரிக்கரைல நல்லாத்தானே எரிஞ்சுது? வீட்டுக்குள்ள வந்தா மட்டும் என்ன கேடு இதுக்கு?" என்றார் அத்தான். யந்திரங்கள் அவரிடம் இப்படி நடந்துகொண்டதில்லை.

எனக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. அக்கா நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "தலை விண்ணு விண்ணுனு தெறிக்குதுங்க."

"காலைலேர்ந்து டீ குடிக்கலல்ல, அதான்," என்றேன். (அந்த அறையில் இருந்த பெரிய அறிவாளி நான்தான் என்று வாசகர் இதற்குள் கண்டுபிடித்திருப்பார்.)

அத்தான் திருப்புளியோடு ஹீட்டரின் பின்மூடியைக் கழற்றினார். "இந்தா, இந்தச் சின்னச் சமாச்சாரம்தான் அணைக்குது. இதைத் துண்டிச்சு விட்டா நிக்காம எரியும்."

"அது எதுக்குங்க இருக்கு?"

"காத்துல ஆக்சிஜன் கொறைஞ்சா ஹீட்டரை நிறுத்த."

சொன்னவருக்கே தான் சொன்னது காதில் விழவில்லை. திருப்புளி உள்ளே போயிற்று. அக்காவின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியதை நான் பார்த்தேன்.

"கொஞ்சம் நில்லுங்க. லிஃப்ட் கதவு திறந்திருந்தா லிஃப்ட் நகராதுல்ல? போன வருஷம் ஒருத்தன் அதை மீறி ஓடற மாதிரி ஒயரை மாத்திக் குடுத்தானே, அவனை நீங்க என்ன பண்ணீங்க?"

அத்தானின் கை நின்றது. "அவன்கூட நான் இன்னிக்கு வரைக்கும் பேசறதில்ல."

"அப்ப இப்ப உங்க கைல என்ன?"

அவர் திருப்புளியைக் கீழே வைத்த சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா தள்ளாடி எழுந்து பால்கனிக் கதவை இழுத்தாள். வரவில்லை. குனிந்து பார்த்தாள்.

"இந்தத் துண்டை யாரு வச்சது?"

நான் வாயைத் திறக்கப் போனேன். நிஜமாகவே போனேன்.

"நான்தான்," என்றார் அத்தான்.

5.

பால்கனியில் நின்று மூவரும் மீன்களைப் போல மூச்சு வாங்கினோம். தலை தெளிந்ததும் செருகியதை எல்லாம் பிடுங்கிப் போட்டு, கதவை ஒரு சாண் திறந்து வைத்துப் பற்றவைத்தார் அத்தான். அதன் பிறகு ஹீட்டர் அணையவே இல்லை. குளிருக்காகக் கதவைத் திறந்து வைத்த வீடு அந்தத் தெருவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அக்காவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. "ஊர்ல மூடின கதவையெல்லாம் திறந்து விட்டுட்டு வந்து, சொந்த வீட்டுக் கதவை அடைச்சாரே மனுஷன்!" கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் இதுதான்.

முடிவுக்குப் பல வழிகளை எழுதிப் பார்த்தேன். அவள் சிரித்த கணத்தில் விளக்குகள் எரிந்தன என்றால் அழகாக இருக்கும். ஆனால் மின்சாரம் வந்தது மறுநாள் மத்தியானம். நான் அப்போதே உண்மையைச் சொன்னேன் என்றும் எழுதினேன். அந்தப் பக்கத்தில் வரும் நான் மிக நல்லவனாக இருந்தான். கிழித்துவிட்டேன்.

6.

போன வாரம் இந்த வரைவை அத்தானிடம் கொடுத்தேன். லிஃப்ட் யந்திர அறையில், கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கிற வேகத்தில் படித்தார்.

"ஏன் அத்தான் அன்னிக்கு உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"நீ ஏற்கெனவே நிலைகொள்ளாம இருந்தே. வேலை இல்ல, எழுத்தும் ஓடல. அதோட இதுவும் எதுக்குன்னு தோணுச்சு. அவ்வளவுதான் மச்சான்."

"அப்ப இப்ப சொல்லிடலாமா?"

பக்கங்களை மடித்து என் கையில் வைத்தார். "உங்கக்கா அதைச் சொல்லும்போது சிரிக்கிறாளே, பாத்திருக்கியா? என்னைப் பாத்துக்கிட்டேதான் சிரிப்பா. அதை எதுக்கு நான் உனக்குக் குடுக்கணும்?"

7.

இந்த இடத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே அக்கா கார் சாவியோடு என் மேசைக்கு வந்து நிற்கிறாள்.

"என்னடா, ஹீட்டரைப் பத்தியா எழுதறே? அந்தத் துண்டைப் போட்டியா?"

சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கங்கள் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. நான் அவற்றை நீட்டவில்லை, மறைக்கவும் இல்லை.

அடுத்து நான் என்ன சொல்கிறேன் என்பதை நீங்கள் எழுதுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், அவள் சிரிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.